நாம் யாருடைய ஆட்கள்?

"ஐயா, நீங்க யாரு ஆளுங்க?"

2025 ஆம் ஆண்டு டிசெம்பர் மாத முற்பகுதியில், நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பாடசாலையொன்றின் வாயிலில் நின்ற மூதாட்டி ஒருவர் எம்மை நோக்கிக் கேட்ட கேள்வி இது. நவம்பர் 28 ஆந் திகதி டித்வா புயல் இலங்கையின் கிழக்குக் கரையைத் தாக்கி நாட்டினூடே ஊர்ந்து சென்றது. வெள்ளத்தினாலும் மண்சரிவினாலும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களிலே மலைகள் இடிந்து குடியிருப்புகளின் மீது வீழ்ந்தன. அச்செய்திகளைக் கேட்டு மனம் பொறாது, வடக்கிலிருந்து ஆசிரியர் சிலரும் உயர்தர வகுப்பு மாணவர் பன்னிருவரும் அரிசி, பருப்பு, ரின்மீன், உடுபுடைவை முதலியவற்றை லொறியொன்றில் ஏற்றிக்கொண்டு சென்றிருந்தோம்.

மூதாட்டியின் வினாவில் அவமதிப்பு ஏதும் இருக்கவில்லை. அவருடைய நீண்ட வாழ்க்கையில் தோட்டத்துக்கு வந்தவர் அனைவரும் யாரோ ஒருவருடைய ஆட்களாகவே வந்திருக்கின்றனர்: துரையின் ஆட்கள், தொழிற்சங்கத் தலைவரின் ஆட்கள், தேர்தல் வேட்பாளரின் ஆட்கள், ஆலயத்தின் ஆட்கள். வருபவர் யாருடைய ஆள் என்பதை அறிந்தால்தான் அவர் தருவதற்கு எந்த வடிவிலே விலை கொடுக்கவேண்டி வரும் என்பதை அறியலாம். இது அனுபவம் கற்பித்த பாடம். எமது மாணவனொருவன் முன்வந்து, "நாங்கள் ஒருத்தற்றை ஆக்களும் இல்லை அம்மா. சும்மா உதவி செய்ய வந்தனாங்கள்" என்றான். அவர் சிரித்தார். நம்பவில்லை என்பது எமக்கு விளங்கியது.

மாணவன் பொய் சொல்லவில்லை. ஆயினும் அவனது விடை போதுமானதுதானா என்ற ஐயம் எம்மை அன்றுதொட்டு விட்டகலவில்லை. "சும்மா வந்தோம்" என்பது பார்வைக்குப் பணிவான சொல். ஆனால் யாருடைய ஆட்களும் அல்லாதவர் யாருக்கும் பதில் கூறவேண்டிய கடப்பாடும் அற்றவர். விரும்பியபொழுது வருவார்; லொறி வெறுமையானதும் செல்வார். தோட்டத் துரை கெட்டவனாயினும் மறுநாளும் அங்கே இருப்பான், அவனுக்கெதிராகக் கொடி பிடிக்கலாம். தொண்டனுக்கெதிராகக் கொடி பிடிப்பதற்கு வழி ஏது?

இவ்வினா புதியதன்று. திருக்குறளிலே 'ஒப்புரவறிதல்' 22 ஆம் அதிகாரமாகவும் 'ஈகை' 23 ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இரண்டும் கொடுத்தலைப் பற்றியனவே; அங்ஙனமாயின் இரண்டு அதிகாரங்கள் எதற்கு? ஈகை இல்லாதவனுக்கு இருப்பவன் தருவது. அங்கே மேலும் கீழும் உண்டு. ஒப்புரவோ ஊரோடு ஒத்து வாழ்பவன் ஊருக்கு ஆற்றும் கடன். ஊருணியில் நீர் நிறைவதுபோல நிகழ்வது. அதிலே தருபவனும் பெறுபவனும் ஒரே ஊரின் உறுப்பினர். பிற்காலத்திலே ஈகை கோபுரம் கட்டிக் கல்வெட்டுப் பொறித்துப் புகழ் சேர்த்தது. ஒப்புரவு அகராதியிலே ஒதுங்கியது. அப்பாலே 'இரவு', 'இரவச்சம்' என மேலும் இரு அதிகாரங்களை வள்ளுவர் எழுதவேண்டியிருந்தமையை எண்ணிப்பார்க்க வேண்டும். கையேந்தி நிற்பவனின் உள்ளம் எவ்வாறு குன்றிப்போகும் என்பதை அறியாத ஒருவர் அவற்றை எழுதியிருக்க முடியாது.

மேனாட்டுச் சிந்தனையிலும் இவ்வினாவை எழுப்பியது ஒரு புயலே எனலாம். 1970 நவம்பர் 12 ஆந் திகதி, அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த வங்கக் கரையைத் தாக்கிய போலா சூறாவளியிலே 3 இலட்சத்துக்குக் குறையாதோர் மடிந்தனர். ஆயிரம் மைல்களுக்கப்பால் இருந்த ஆட்சியாளர் காட்டிய அசிரத்தை மக்களைக் கொதிப்படையச் செய்தது. மறுமாதமே நடந்த பொதுத் தேர்தலிலே அவாமி லீக் அப்பகுதியின் இடங்களை அநேகமாக முழுவதுமாகக் கைப்பற்றியது. அதனைத் தொடர்ந்தவை 1971 இன் படுகொலைகளும் போரும் அகதிப் பெருக்கமும். அந்த அகதிகளை மனத்திற் கொண்டு அவுஸ்திரேலியத் தத்துவாசிரியரான பீற்றர் சிங்கர் எழுதி 1972 இல் வெளிவந்த கட்டுரை இன்றுவரை பல்கலைக்கழகங்களிலே விவாதிக்கப்படுகிறது. ஆழமற்ற குளமொன்றிலே குழந்தையொன்று மூழ்குகிறது. கரையோரம் போகும் நாம் உடை நனையுமே என்று ஒதுங்கிப் போகலாமா? போகக்கூடாதெனில், தொலைவிலே பட்டினியால் மாள்பவருக்கு உதவுவதும் அத்தகைய கட்டாயக் கடமையே. அதனைத் 'தருமம்' என்று புகழ்வதே பிழை என்பது அவர் வாதம்.

வாதம் வலியது. உதவி செய்வதைப் பெருந்தன்மை என்ற பீடத்திலிருந்து இறக்கிக் கடமை என்ற தரையிலே நிறுத்தியமைக்காக அவருக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆனால் எமக்கு அந்தக் குளமே இடறுகிறது. அக்கதையிலே குளம் யாருடையது? அதனை வெட்டி வேலி போடாது விட்டவர் யார்? அக்குழந்தையின் வீட்டைக் குளத்தின் விளிம்பிலே அமைத்தவர் யார்? கரையிலே போகிறவர் எதேச்சையாக அவ்வழி வந்தவர்தாமா, அல்லது அக்குளத்து நீரிலே விளைந்த நெல்லை உண்டு வளர்ந்தவரா? சிங்கரின் கதையிலே இவற்றுக்கு இடமில்லை. இவற்றைக் கேட்காதவரை கடமை என்பதும் சற்றுக் கண்டிப்பான ஈகையாகவே எஞ்சிவிடும்.

விந்தை யாதெனில், இவ்விடத்திலே எமக்குக் கைகொடுப்பவர் புரட்சிக்காரர் எவருமல்லர். ஜெர்மானியப் பேராசிரியர் இம்மானுவேல் கான்ற். 1797 இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலிலே அவர் ஓரிடத்தில், ஒருவன் பிறருக்கு வழங்கத்தக்க செல்வமுடையவனாய் இருப்பதே பெரும்பாலும் அரசின் அநீதியால் சிலர் சலுகை பெற்றதன் விளைவு என்று குறிப்பிட்டு, அத்தகைய செல்வன் தரும் உதவிக்குக் கொடை என்ற பெயர் பொருந்துமா என்று கேட்கிறார். பெறுபவனைத் தாழ்த்தாத வகையிலே, தான் பட்ட கடனைத் தீர்ப்பவன்போல அல்லது சிறு பணியொன்றைச் செய்பவன்போலத் தரவேண்டும் என்றும் அவர் கூறுகிறார். வாழ்நாள் முழுவதும் ஒரே நகரத்தைச் சுற்றியே வாழ்ந்த ஒருவர், நிவாரண லொறியை ஒருபோதும் காணாதவர், இதைக் கண்டுகொண்டார். நாம் லொறியிலே ஏறிச் சென்றும் காண நாட்பட்டது.

எவ்வாறு நாட்பட்டது என்பதைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும்.

நாம் கொண்டுபோன அரிசிக்கு அங்கே அவசரத் தேவை இருக்கவில்லை. எமக்கு முன்னரே சில லொறிகள் வந்து போயிருந்தன. வகுப்பறையின் மூலையிலே பழைய சேலைகள் மலைபோற் குவிந்து கிடந்தன. அவற்றுட் சில கிழிந்தவை, சில துவைக்கப்படாதவை. பெண்களுக்கு வேண்டியிருந்தவை உள்ளாடைகளும் மாதவிடாய் அணையாடைகளும். அவற்றை எவரும் கொண்டுவரவில்லை, நாமும் கொண்டுபோகவில்லை. ஏனெனில் லொறியை நிரப்பியவர்கள் யாவரும் ஆண்கள். எவரும் எவரிடமும் கேட்கவில்லை. கொடுப்பவன் கேட்கத் தேவையில்லை என்பதே எம் உள்மனத்தில் உறைந்திருந்த எண்ணம் என்பதை இப்போது வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். அங்கு தங்கியிருந்த ஆசிரியை ஒருவர், "சேர், ஒரு ரெலிபோன் எடுத்திருந்தாச் சொல்லியிருப்பமே" என்று மட்டும் சொன்னார்.

பொதிகளைக் கொடுக்கும்போது மாணவனொருவன் கைப்பேசியிலே படம் எடுத்தான். வரிசையில் நின்ற சிறுமி தாயின் முதுகுக்குப் பின்னே முகத்தை மறைத்துக்கொண்டாள். பின்னர் எம்மிடம் வந்து, "இந்தப் படம் எங்க வரும் சேர்?" என்று கேட்டாள். பத்தாம் வகுப்பில் படிப்பவள். எமது மாணவர் அண்மையில் எழுதிய அதே சாதாரணதரப் பரீட்சையை அவளும் எழுதவேண்டியவள். ஒரு வாரத்துக்கு முன்னர் அவளும் மாணவி, இவர்களும் மாணவர். இடையிலே ஒரு மலை சரிந்தது. அவள் 'பாதிக்கப்பட்டவள்' ஆனாள், இவர்கள் 'தொண்டர்' ஆயினர். படத்தை அவன் உடனே அழித்துவிட்டான். ஆனால் அந்தக் கேள்வியை அழிக்க இயலவில்லை.

'தொண்டர்', 'பாதிக்கப்பட்டோர்' என்ற இப்பிரிவினையே உண்மைக்குப் புறம்பானது என்பதை அன்றிரவு அறிந்தோம். மண் சரிந்த இரவிலே எவர் வந்தனர் என்று விசாரித்தோம். மின்சாரம் இல்லை, பாதை இல்லை, படையினரும் அதிகாரிகளும் வந்து சேர இரண்டு நாட்கள் சென்றன. புதையுண்டவர்களை மண்வெட்டியாலும் வெறுங்கையாலும் தோண்டி எடுத்தவர்கள் மேல் லயத்துத் தொழிலாளர்களும் பள்ளத்தாக்கிலுள்ள சிங்களக் கிராமத்து இளைஞர்களுமே. அவ்விளைஞர்கள் கயிறு கட்டி ஓடையைக் கடந்து வந்தனர். அவர்களுட் பலருடைய வீடுகளும் நீரில் மூழ்கியிருந்தன. எப்பேரிடரிலும் முதல் மணித்தியாலங்களிலே உயிர்களைக் காப்பவர் அயலவரே என்பது உலகெங்கும் கண்ட உண்மை. ஆனால் நிவாரணப் பட்டியல்களிலே அவர்களது பெயர் பெறுநர் நிரலிலேயே இருக்கும். தொண்டர் நிரலிலே இராது. மூன்று நாள் பிந்தி வந்து பருப்புப் பொதி கொடுத்த எமக்கு ஒரு கழகம் பின்னர் நன்றிப் பத்திரம் வழங்க முன்வந்தது!

இனி, எம் தோழர்கள் கூறும் மறுப்புக்கு வருவோம். நிவாரணப் பணி ஆளும் வர்க்கத்தின் பொறுப்பை மூடிமறைக்கும் போர்வை. அரசு செய்யவேண்டியதை மாணவன் செய்தால் அரசு தப்பிக்கொள்ளும். ஆகவே நாம் செய்யவேண்டியது கிளர்ச்சியேயன்றித் தொண்டன்று என்பர். 1958 டிசெம்பரிலே கொழும்பு நாலந்தா வித்தியாலய ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரை ஒதுக்கப்பட்ட சாதியினர் வாழ்ந்த கனதொலுவ என்ற கிராமத்துக்கு அழைத்துச் சென்று தொடக்கிய சிரமதானத்தைப் பற்றியும் இடதுசாரிகளிடையே இத்தகைய ஐயம் நிலவியதுண்டு. தானமாகக் கிடைக்கும் உழைப்பு ஊதியம் கேட்காது, உரிமையும் கேட்காது.

இம்மறுப்பிலே பாதி உண்மை. மறுபாதியைப் பசித்தவனின் முன்னால் நின்று சொல்லிப் பார்த்தால் அது எத்துணைப் பொய் என்பது தெரியும். ஈரத்துணியோடு குளிரில் நடுங்கும் குழந்தைக்குப் போர்வை கொடுத்தால் அதன் தாயின் வர்க்க உணர்வு மழுங்கிவிடும் என்று கருதுபவன் தாயையும் அறியான்; வர்க்க உணர்வையும் அறியான். போலா சூறாவளியின் பின்னர் பசியோடிருந்தவர்கள்தாம் ஆட்சியை நிராகரித்து வாக்களித்தனர். எனவே தொண்டு செய்யலாமா என்பதன்று பிரச்சினை. எந்த நாளில் வருகிறோம், எவ்வளவு காலம் நிற்கிறோம் என்பதே பிரச்சினை.

1978 நவம்பர் 23 ஆந் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை நினைவு கூருமாறு அப்பகுதி முதியோர் எவரைக் கேட்டாலும் முதலிற் சொல்வது தென்னையைப் பற்றியே. 900க்கு மேற்பட்டோர் இறந்தனர். 10 இலட்சம் பேர்வரை பாதிக்கப்பட்டனர். மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களிலே பத்தில் ஒன்பது பங்கு ஓரிரவிலே சாய்ந்தது. நிவாரண அரிசி சில மாதங்கள் வந்தது. ஆனால் நட்ட தென்னம்பிள்ளை காய்ப்பதற்கு ஆறேழு ஆண்டுகள் செல்லும். அந்த ஆறேழு ஆண்டுகளும் அக்குடும்பம் எவ்வாறு உண்டது என்று கேட்க எந்த லொறியும் திரும்பி வருவதில்லை. எம் இரக்கத்தின் ஆயுள் இரண்டு வாரம். தென்னையின் காலக்கணக்கு வேறு.

வங்கத்து மக்கள் மறுமுனையிலிருந்து பாடம் கற்றனர். 1972 இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் முயற்சியால் அங்கே சூறாவளி ஆயத்தத் திட்டம் ஒன்று உருவாகிப் பின்னர் அரசும் அதிற் பங்காளியாயிற்று. அதன் தொண்டர்கள் புயலுக்குப் பின் பொதி சுமந்து வருபவர்கள் அல்லர். கரையோரக் கிராமங்களிலேயே வாழும் மீனவரும் உழவரும் இல்லத்தரசிகளும். எச்சரிக்கை வந்ததும் கொடியேற்றி, ஒலிபெருக்கியோடு வீடு வீடாகச் சென்று அயலவரைப் புகலிடங்களுக்கு அழைத்துச் செல்வர். இன்று அவர்கள் 70,000க்கு மேற்பட்டோர். ஏறத்தாழ அரைவாசிப் பேர் பெண்கள். 1991 சூறாவளியிலே 130,000க்கு மேற்பட்டோர் இறந்த அந்நாட்டில், 2007 இன் சித்ர் சூறாவளியிலே இறந்தோர் தொகை ஏறத்தாழ 3,400. அதுவும் பெருந்துயரமே; எனினும் இந்த வேறுபாட்டிலே அரசு கட்டிய புகலிடங்களுக்கும் பங்குண்டு, ஒலிபெருக்கியோடு நடந்த அப்பெண்களுக்கும் பங்குண்டு. ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாக வரவில்லை.

எம் நாட்டிலோ, டித்வா வந்தபோது எச்சரிக்கைகள் உரிய நேரத்திலே தமிழில் வரவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. தமிழும் அரசகரும மொழியான நாட்டிலே, உயிர் காக்கும் செய்தியை மொழிபெயர்க்கும் வேலை கைப்பேசியோடு கண்விழித்த இளைஞர்கள் தலையிலே விழுந்தது. அவ்விளைஞர்களைப் போற்றுகிறோம். ஆனால் அவர்களைப் போற்றும் வாயால், அந்த வேலைக்குச் சம்பளம் பெறுபவர் எங்கே என்றும் கேட்கவேண்டும். போற்றுதலோடு நிறுத்திக்கொண்டால் தோழர்களின் மறுப்பு முற்றிலும் சரியாகிவிடும்.

புயல் ஏழை பணக்காரன் பாராது என்பது பத்திரிகைகள் விரும்பி எழுதும் வாசகம். காற்று பாராது; உண்மை. நிலம் பார்க்கும். தேயிலை நடத் தகுந்த நிலத்திலே தேயிலையும், பார்வைக்கு இனிய மேட்டிலே துரையின் பங்களாவும், எஞ்சிய சரிவிலே லயமும் அமைந்தன. நூறாண்டு கடந்த காம்பராக்கள் இன்றும் அவ்விடங்களிலே உள்ளன. 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கிற்று. பிரசாவுரிமை பின்னர் படிப்படியாக மீண்டது, காணி மீளவில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை விழுங்கியபோது, அவ்விடம் அபாயமானதென 2005 இலும் 2011 இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தமை வெளிவந்தது. எச்சரிக்கப்பட்டவர்கள் எங்கே போவது? போவதற்கு ஓர் அங்குல நிலம் அவர்களுக்கு இருந்ததா? டித்வாவின் பின்னர் வீடிழந்தவர்க்கு இழப்பீடு பற்றிய பேச்சு எழுந்தபோதும் அதே வினா வந்து நின்றது. பரம்பரை பரம்பரையாக வாழ்ந்த காம்பரா அவர்களுடைய வீடுமன்று, அவர்களுடைய காணியுமன்று. தம்முடையதாக இல்லாத ஒன்றை எவ்வாறு இழக்க முடியும் என்று கோப்பு கேட்கும்.

நாம் அருந்தும் தேநீரிலும், இலவசக் கல்வி என்று நாம் பெருமையோடு சொல்லும் கல்வியிலும் அச்சரிவிலே கொழுந்து பறித்த கைகளின் உழைப்புக் கலந்திருக்கிறது. தேயிலை ஈட்டிய அந்நியச் செலாவணியே பல்லாண்டு இந்நாட்டின் பாடசாலைகளையும் வைத்தியசாலைகளையும் தாங்கிற்று. தோட்டப் பாடசாலைகளோ 1970 களிலேதான் அரசின் பொறுப்பிற்கு வரத்தொடங்கின. ஆகவே வடக்கிலிருந்து லொறியிலே சென்ற நாம் குளக்கரையிலே எதேச்சையாக நடந்து போனவர்கள் அல்லர். கடனாளிகள். மூதாட்டிக்கு எம் மாணவன் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுவாக இருக்கலாம். ஆனால் கடனாளி என்று வாயாற் சொல்லுவது எளிது. கடன் கொடுத்தவர் கேட்கும்போது கேட்ட பொருளைக் கொடுக்கவும் வேண்டுமல்லவா?

அவர்கள் கேட்டது என்னவென்பது எமக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. மண்ணிலே புதைந்தவற்றுள் அடையாள அட்டைகள், பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், சேமலாப நிதிப் பத்திரங்கள் யாவும் போயின. அவையின்றி எந்த நிவாரணத்துக்கும் பெயர் பதிய முடியாது. அவற்றைப் பெறுவதற்குக் கொடுக்கப்பட்ட படிவங்கள் சிங்களத்தில் இருந்தன. எம் மாணவருள் ஒருவருக்கேனும் அவற்றை வாசித்துப் பொருள் கொள்ள இயலவில்லை, எமக்கும் இயலவில்லை. பட்டதாரிகள் நாங்கள்! ஈற்றில் பள்ளத்தாக்குக் கிராமத்து இளைஞர் இருவர் வந்திருந்து வாசித்துச் சொல்ல, எம் மாணவர் விபரங்களைக் கேட்டுச் சொல்ல, மாலைவரை எழுதினோம். அந்த ஒரு பிற்பகலிலே மட்டும் அவ்வகுப்பறையிலே யார் தொண்டர், யார் பெறுநர் என்று பிரித்தறிவது கடினமாக இருந்தது.

2026 பெப்ரவரியில் மீண்டும் போனோம். இம்முறை பஸ்ஸில், மாணவர் மூவரும், எம் பாடசாலையில் இரண்டாம் மொழி கற்பிக்கும் சக ஆசிரியரும். மூதாட்டி எம்மை அடையாளம் கண்டுகொண்டார். "லொறி வரலீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றோம். சற்று நேரம் எம்மைப் பார்த்தபின் உள்ளே போய், பேத்தியின் கொப்பியிலிருந்து கிழித்த தாளொன்றைக் கொண்டுவந்து தந்தார். 23 குடும்பத் தலைவர்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தப் பத்திரம் இன்னும் வரவில்லை என்ற குறிப்பு, பேத்தியின் கையெழுத்து. இதை எழுதும்பொழுது அத்தாள் எம் மேசைமீது இருக்கிறது. 9 பெயர்களுக்கு எதிரே 'கிடைத்தது' என்று குறித்திருக்கிறோம்.